சமையலக்கா

நான் சொன்னது ஒரே ஒரு எழுத்து. அதுவும் உயிரெழுத்துகூட இல்லை, புள்ளி வைத்த மெய்யெழுத்து. 'ம்'. அதைச் சொல்ல வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டே ஒருவன் எவ்வளவு கேவலமாக நடந்துகொள்ள முடியும் என்று யாராவது கேட்டால், தாராளமாக என்னைக் கைகாட்டலாம்.

பெயிண்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் நிறம் பார்க்கிறவன். கீழே தொழிற்சாலையில் புதிதாகக் கலக்கும் ஒவ்வொரு சரக்கையும் ஒரு சின்ன அட்டையில் பூசிக் காயவைத்து மேலே அனுப்புவார்கள். பழைய அட்டையையும் புது அட்டையையும் விளக்குப் பெட்டிக்குள் அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று நான் சொல்ல வேண்டும். மிஷினும் இருக்கிறது. ஆனால் மிஷின் சரி என்று சொல்லி நான் இல்லை என்றால், அந்தச் சரக்கு வாசலைத் தாண்டாது. வெள்ளையில் மட்டும் எங்களிடம் முப்பத்தெட்டு வகை. முப்பத்தெட்டையும் பிரித்துச் சொல்வேன். ஆபீசில் எனக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். வெளியே முகத்தைச் சுளித்தாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

வேலைக்கு எடுக்கும்போது கேட்டார்கள், இந்தக் கண் எப்படி வந்தது என்று. "பிறவியிலேயே அப்படித்தான் சார்" என்றேன். பொய். அது முட்டைகோசில் இருந்து வந்தது.

அம்மா செத்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். சாகவில்லை, போய்விட்டார். அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே விட்டு, அந்தப் பக்கம் வரும்போது இழுத்து மடிக்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் சிவந்திருக்கும். வந்த கையோடு அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு பாக்கெட் நூடுல்ஸ், ஒரு கோசு, ஒரு வெங்காயம். அதுதான் ராத்திரிச் சாப்பாடு, வாரத்தில் ஐந்து நாளாவது.

ஒரு பாக்கெட் இரண்டு பேருக்குக் காணாது. அதனால் அக்கா ஒரு வேலை செய்வாள். கோசின் பச்சை இலைகளை முதலில் உரித்துத் தனியாக வைத்துவிடுவாள், பச்சை காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் வெள்ளையை மட்டும் நூடுல்ஸ் என்ன பருமனோ அதே பருமனுக்கு நூல் நூலாக அரிவாள். வாணலியில் எண்ணெய், வெங்காயம், மேலே கோசு. அடுப்பைக் கூட்டிவைத்து, ஓரம் லேசாகச் சிவக்கும்வரை கை எடுக்காமல் பிரட்டுவாள். கடைசியாக வேகவைத்த நூடுல்ஸ், உப்பு, மிளகுத்தூள். தட்டில் குவித்தால் எல்லாமே நூடுல்ஸ் மாதிரி இருக்கும்.

முதல் நாள் ஏமாந்துபோனேன். இரண்டாம் நாள் கண்டுபிடித்துவிட்டு ஊரைக் கூட்டினேன்.

"ஏமாத்துற! இதுல பாதிக்கு மேல கோசு!"

"கத்தாதடா. சரி, ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவோம். எது நூடுல்ஸுன்னு நீ கண்டுபிடிச்சு எடுத்தா அது உனக்கு. மிச்சம் எனக்கு."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். நூடுல்ஸில் துளி மஞ்சள் ஓடும். கோசின் ஓரம் வெந்ததும் கண்ணாடி போலத் தெளியும். ஒரே மாதத்தில் ஒரு இழைகூடத் தப்பாமல் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். தினமும் நான்தான் ஜெயித்தேன். "எமகாதகன்டா நீ" என்று சொல்லிக்கொண்டே அக்கா தினமும் தோற்றாள்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது எனக்கு முப்பத்தொன்று. அக்கா இன்னும் அதே சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு பேரை மேய்க்கிற வேலை. அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு பாத்ரூம். ஆபீசில் யாரையும் நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். அக்காவுக்கு அன்றைக்குக் காலை முறை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் டப்பாவைப் பார்த்திருக்கிறாள். போட்டிருந்த வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

நாங்கள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பிரிவுக்குத் தலைவியான மேடம், பக்கத்தில் கூட வேலை பார்க்கும் 'மைக்'. ரகசியம் பேசினால்கூடத் தொழிற்சாலைக்குக் கேட்கும் குரல் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். கதவருகே அக்கா வந்து நின்றாள். நீலக் கோட்டு, மார்பில் பதினான்கு என்று நம்பர், பாக்கெட்டுக்குக் கீழே பிளீச் தெறித்து வெளுத்த திட்டு. தொழில் புத்தி, அந்தத் திட்டு எங்கள் பட்டியலில் எந்த வெள்ளை என்றுதான் என் கண் முதலில் பார்த்தது.

"தம்பி, டப்பா" என்றாள், மூச்சு வாங்க.

எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். "சரி, கெளம்பு" என்றேன். தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து டப்பாவைத் திறந்தேன். மேடம் எட்டிப் பார்த்தார்கள், உரிமையோடு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"அட! என்ன இது? கோசா? இவ்வளவு சன்னமா யாரு வெட்டினது?"

"அக்கா" என்றேன்.

இதுவரைக்கும் நான் உண்மையைத்தான் சொல்லியிருந்தேன்.

"இப்ப வந்தாங்களே, அவங்களா? சமையலக்காவா?"

நம் பேச்சில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. கூடப் பிறந்தவளும் அக்கா. காய்க்கடைக்காரியும் அக்கா. பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுக்கிறவளும் அக்கா. வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டுப் போகிறவளும் அக்கா. மேடம் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. "இல்ல மேடம், கூடப் பொறந்தவங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நேரமும் இருந்தது. அந்த நேரத்தில் நீலக் கோட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது, பதினான்காம் நம்பர் வந்தது, சிவந்த கை வந்தது. மைக் வேறு மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்" என்றேன்.

"ஸ்பூன் குடுக்க மறந்துட்டேன், சார்."

எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. அக்கா கோட்டுப் பாக்கெட்டில் இருந்து காகிதத்தில் சுற்றிய ஸ்பூனை எடுத்து, என் டப்பாவுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். சார். வாடா, போடா, எருமை, எமகாதகா என்று முப்பத்தொரு வருடம் என்னைக் கூப்பிட்ட வாய்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்று மேடம் அவளிடம் சொன்னார்கள்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவள் எதுவும் கேட்கவில்லை. டப்பாவைக் கழுவினாள், கரண்ட் ஆபீஸ்காரன் வந்துவிட்டுப் போனதைச் சொன்னாள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் திட்டாததால் எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும், அது என் பிறவிக் கோணல்.

"அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டா ஆபீசுக்கு வருவ?" என்று கத்தினேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அடுத்த தடவ பவுடர் போட்டுக்கிட்டு வரேன்" என்றாள். திரும்பவும் டப்பாவைக் கழுவ ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை மேடம் என் மேசைக்கே வந்தார்கள்.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு எட்டுப் பேரு சாப்பிட வர்றாங்க. உங்க சமையலக்காவ ஒரு வேளைக்கு அனுப்புவீங்களா? அந்தக் கோசு நூடுல்ஸு வேணும். எனக்கு அன்னைலேருந்து அதே நெனப்பா இருக்கு."

இரண்டாவது வாய்ப்பு. தட்டில் வைத்து நீட்டிய மாதிரி வந்தது. விளக்குப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே, "கேட்டுப் பாக்குறேன் மேடம்" என்றேன். முப்பத்தெட்டு வெள்ளையும் என்னைப் பார்த்துக் காறித் துப்பியிருக்கும், வாய் இருந்திருந்தால்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், மென்று முழுங்கி, பாதியைத் தரையைப் பார்த்துக்கொண்டு.

"போறேன்னு சொல்லு" என்றாள்.

"வேணாம்க்கா. நான் அவங்ககிட்ட சொல்லிடுறேன்."

"என்னன்னு?"

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. பிறகு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"எட்டுப் பேருன்னா மூணு கோசாவது வேணும். வாங்கி வெக்கச் சொல்லு, கெட்டியா, கனமா பாத்து. கூலிய நீயே பேசிடு. நீதானே முதலாளி."

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நீலக் கோட்டைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டாள். அவளுடைய கத்தியைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தாள்.

"கோட்டு எதுக்குக்கா?"

"வேலைக்குப் போறேன்ல" என்றாள். போய்விட்டாள்.

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் வந்ததும் சாப்பிட ஏதாவது செய்துவைப்போம் என்று தோன்றியது. வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? அதுகூடத் தெரியாது, இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு கோசை எடுத்து வெட்டினேன். விரல் பருமனுக்கு வந்தது. மெதுவாக வெட்டினால் சன்னமாக வரும் என்று நினைத்தேன். மெதுவாக விரல் பருமனுக்கு வந்தது. கால் பாகம் வெட்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது, கட்டை விரலில் ஒரு கீறல் வேறு. மணியைப் பார்த்தேன், நாற்பது நிமிடம் போயிருந்தது. எட்டு மணி நேரம் உருளைகளுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து, இதை ஒருத்தி வாரத்தில் ஐந்து நாள் செய்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பயல் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று செய்திருக்கிறாள். அந்தப் பயல்தான் 'ம்' என்றான்.

வெங்காயத்தைப் போட்டேன், கோசைப் போட்டேன், எண்ணெய் போதாமல் அடிப்பிடித்தது. நூடுல்ஸை அதன் தலையில் கொட்டி, அடுப்பை அணைத்து மூடிவைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததுமே மேடம் கைதட்டினார்கள். "வாங்க, வாங்க! பூதக்கண்ணாடிக்கு மூக்கு வேத்துருச்சு பாருங்க!" மேசையைச் சுற்றி ஆட்கள். மைக்கும் இருந்தான். நடுவில் பெரிய பாத்திரத்தில் கோசு நூடுல்ஸ், முக்கால்வாசி காலி. சமையலறைக் கதவு பாதி சாத்தியிருந்தது, உள்ளே பாத்திரம் உருளும் சத்தம்.

"உங்க அக்காகிட்ட பேசிக்கிட்டிருந்தோம்" என்றார்கள் மேடம். "எத்தன வருஷமா அவரு வீட்ல இருக்கீங்கன்னு கேட்டேன். அவரு பொறந்ததுலேருந்துன்னாங்க. லீவே எடுத்ததில்லையாமே! ஏன் எடுக்கலன்னா, நான் லீவு போட்டா அவரு பட்டினி கெடப்பாருங்கறாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளு யாருக்குக் கெடைக்கும்? குடுத்துவெச்சவரு நீங்க."

ஒரு வார்த்தை பொய் இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையையே பதிலாகக் கொடுத்திருக்கிறாள். என் முகம் என்ன நிறத்துக்குப் போனது என்று எனக்கே தெரிந்தது.

"மேடம்" என்றேன். "அவங்க என் அக்கா."

"ஆமா, அக்காதான். எங்க வீட்லயும் வேலைக்கு வர்றவங்கள பேரு சொல்லிக் கூப்பிட மாட்டோம். அக்கான்னுதான் கூப்பிடுவோம். அதுதான் மரியாத."

நான் கெடுத்த வார்த்தை எனக்கே உதவ மறுத்தது.

"அப்படி இல்ல மேடம். கூடப் பொறந்த அக்கா. எங்கம்மா வயித்துல பொறந்தவ. என்ன வளத்தவ. அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

யாரோ ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். மைக்குக்கே குரல் போய்விட்டது. அப்போது சமையலறைக் கதவு திறந்தது. அக்கா கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"சார் எப்பவும் இப்படித்தான் மேடம். சின்னதுலேருந்து வளத்தேன்ல, அந்தப் பாசத்துல சொல்றாரு. தட்டு எடுத்துக்கட்டுமா?"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. மேடம், "பாத்தீங்களா, எவ்வளவு நல்ல மனசு" என்றார்கள். யாருடைய மனசு என்று சொல்லவில்லை. அக்கா மேசையில் எனக்கு முன்னால் இருந்த காலித் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. அவள் பொய் சொன்னாள், அத்தனை பேரும் நம்பினார்கள். கோட்டு அவள் பக்கம் சாட்சி சொன்னது.

அவள் பாத்திரம் எல்லாம் கழுவி முடிக்கும்வரை கீழே வாசலில் நின்றிருந்தேன். சேர்ந்து நடந்தோம். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் கேட்டேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"உண்மையச் சொல்லணும்னுதான்."

"உனக்கு நெஞ்சு கனத்துச்சு, எறக்கி வெச்ச. ஊரான் வீட்டு சாப்பாட்டு மேசைதான் கெடைச்சுதா எறக்கி வெக்க? உள்ள நான் அடுப்பு தொடச்சுக்கிட்டிருக்கேன். எட்டுப் பேரும் என்னத் திரும்பிப் பாப்பாங்க, பாவம்னு பாப்பாங்க. அதையும் நானே வாங்கிக்கணுமா?" அவள் குரல் உயரவே இல்லை. "செவ்வாய்க்கெழமலேருந்து இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த பேசல நீ."

வீடு வரும்வரை அவளுக்கு ஓரடி பின்னாலேயே நடந்தேன்.

வீட்டில் அவள் கோட்டைக் கழற்றிவிட்டு உள் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் செய்துவைத்ததைச் சூடுபண்ணி, ஒரே தட்டில் கொட்டினேன். பார்க்கவே கண்றாவியாக இருந்தது. கோசு குச்சி குச்சியாக, ஓரம் கருகி, நடுவே நூடுல்ஸ் கட்டிப் பிடித்துக் கிடந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றேன்.

"அக்கா, சாப்பிட வா."

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எந்த அக்கா?" என்றாள்.

கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வெள்ளையைப் பிரிக்கிறவனுக்கு அந்தக் குரலைப் பிரிக்கத் தெரியவில்லை.

"கூடப் பொறந்த அக்கா" என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. "செவ்வாய்க்கெழம நான் 'ம்'னு சொன்னேன்க்கா."

"கேட்டுச்சு."

"வெக்கமா இருந்துச்சு, அதான் சொன்னேன்."

"கோட்டப் பாத்தா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கோட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம், அவளே வழிவிட்டாள்.

"இல்ல. உன்னப் பாத்து."

தட்டு கையைச் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. பிறகு அவள் எழுந்து, முடியை முடிந்துகொண்டு, தரையில் வந்து உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள்.

"இது கோசா, விறகா?"

"கோசு."

"எனக்கு அது வேணாம்" என்றாள். "நூடுல்ஸ மட்டும் பொறுக்கி வை."

அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்து எடுத்து அவள் பக்கம் வைத்தேன். அவள் எனக்கு மிச்சம் வைக்காமல், அவசரப்படாமல், கடைசி இழைவரை தின்றாள். என் பக்கம் இருந்த கோசை நான் தின்றேன். நடுவில் வேகாமல், ஓரம் கருகிக் கசந்தது. எச்சிலோடு சேர்த்து முழுங்கினேன், தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.